கண்ணாடிப் பேழைக்குள் பம்பரம் சுழலாது

பழமையைப் போற்றுதல் இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. கல்விக்கூடங்களில் பொங்கலையொட்டி நடைபெறும் கண்காட்சிகளில் பல்லாங்குழிப் பலகையும் பம்பரமும் உண்டிவில்லும் வெள்ளைத் துணி விரித்த மேசைமீது வைக்கப்படுகின்றன. அருகே பெயர்ச்சீட்டு ஒன்று; சில இடங்களில் 'தொடாதீர்' என்னும் அட்டையும் உண்டு. வருவோர் வியக்கின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர், செல்கின்றனர். ஆடுவார் எவருமிலர். இத்தகைய போற்றுதலால் அப்பம்பரத்தைக் கடைந்தவருக்குக் கிடைத்த பயன் யாது? என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். விளையாட்டுப் பொருளைச் செய்யும் கைத்தொழில் காண்போரால் வாழ்வதன்று, ஆடுவோரால் வாழ்வது.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய செய்தியன்று. நற்றிணையின் மூன்றாம் பாடலில், வேப்பமரத்தின் புள்ளி நிழலில் சிறுவர் அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். அவ்வரங்கிற்குப் புலவர் கூறும் உவமை பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக் கல். பிள்ளைகள் ஆடும் களத்தைக் கண்டவர்க்குப் பொற்கொல்லரின் கருவி நினைவிற்கு வருகிறது! ஆட்டமும் தொழிலும் அக்காலத்தில் ஒரே தெருவில் குடியிருந்தன போலும். பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் நூல்கள் பல செய்தளித்துள்ளனர். வகுப்பில் சிறுதேர்ப் பருவம் நடத்தும்போது அத்தேரைச் செய்த தச்சர் யார் என்று எந்த மாணவரும் இதுவரை என்னிடம் வினவியதில்லை.

பம்பரத்தை எளிய பொருள் என எண்ணுதல் கூடாது. முற்காலத்தில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுத்துக் கட்டையைச் சுழற்ற, மற்றொருவர் உளி பிடித்துக் கடைவார். பின்னர் மின்விசை வந்தது. சுழலும் கட்டையின்மீது வண்ண அரக்கை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தால் அது இளகிப் படிந்து பளபளக்கும். மரத்தின் கனம் தோளில் நிற்க வேண்டும்; அடி குறுகிச் செல்ல வேண்டும். ஆணியோ நட்ட நடுவில் இறங்க வேண்டும். நூலளவு விலகினாலும் பம்பரம் தலையாட்டும், தரையைக் கிண்டும், விரைவில் சாயும். அதனை வாங்கிய சிறுவனும் வாளாவிருப்பதில்லை. ஆணியைக் கருங்கல்லில் தேய்த்துக் கூர் பார்ப்பான். சாட்டையைத் தானே முறுக்குவான். முடிச்சு எங்கே விழ வேண்டுமெனத் தன் விரலால் அறிவான். ஆகவே, பம்பரத்தின் கடைசிக் கைவினைஞன் அதனை ஆடும் சிறுவனே. விசையை அழுத்தியதும் தானே சுழலும் நெகிழிப் பம்பரத்தில் அவன் திருத்துவதற்கு ஏதுமில்லை; உடைந்தால் எறிவதொன்றே வேலை.

சமயபுரத்திற்குச் சித்திரைத் தேரோட்டத்தை ஒட்டிய நாள்களில் சென்றவர், திருச்சி முதல் அவ்வூர் வரை சாரை சாரையாக நடந்து செல்லும் மக்களைக் கண்டிருப்பர். பிற சமயத்தாராகிய நமக்கும் அவ்வூர்க் கடைவீதி அந்நியமன்று. அங்கே விளையாட்டுச் சாமான் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால், மரச் செப்புகளும் கடைசல் பம்பரங்களும் தேடித்தான் கிடைக்கின்றன. தொங்குவன பெரும்பாலும் நெகிழிப் பொருள்களே. கடைக்காரரைக் குறை கூறுதல் நேர்மையன்று. கேட்பவர் இருந்தால் அவர் வைத்திருப்பார். பம்பரம் கடைந்த கைகள் இன்று கட்டிற்காலும் சப்பாத்திக் கட்டையும் கடைந்து பிழைப்பதும் இக்காரணத்தாலேயே.

இதற்கு நேர்மாறான நிலை சிலம்பத்தினுடையது. நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னே கம்பு சுற்றிச் செல்வோர் இருந்தனர். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, பிறரும் உண்டு, வாத்தியார் ஒருவரே. இடையில் அவ்வழக்கம் தேய்ந்தது. இன்றோ மாலை வேளைகளில் திடல்களில் பெண் குழந்தைகளும் காலடி வரிசை பழகுகின்றனர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் திருச்சி உள்ளிட்ட நான்கு நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆடுவோர் பெருகினால் கம்பும் வேண்டும். ஆடுபவரின் நெற்றியளவு உயரம் பார்த்து மூங்கிலோ பிரம்போ தேர்ந்து, தீயில் வாட்டி நேராக்கி, கணுவைச் சீவி வழவழப்பாக்கித் தரும் கைக்கு மீண்டும் வேலை வருகிறது. அருங்காட்சியகம் எதுவும் இதனைச் செய்யவில்லை, வியர்வை செய்தது.

உலக நடப்பும் இதற்குச் சான்றாகும். 1947-இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டின் விளையாட்டுக் கருவித் தொழிலாளர் பலர் ஜலந்தருக்கும் மீரட்டிற்கும் குடிபெயர்ந்தனர். வீடும் பட்டறையும் போயின; தொழில் போகவில்லை. எல்லைக்கு இப்பாலும் மட்டை ஏந்தி ஆடுவோர் இருந்தனர். அப்பால் சியால்கோட்டும் வீழ்ந்துவிடவில்லை. 2014 உலகக் கோப்பைக் கால்பந்து அவ்வூரிலும் தயாரானதை மாணவர்கள் அறிந்திருக்கலாம். பிரிவினையையே தாங்கிய தொழில்கள், ஆடுகளம் வெறிச்சோடினால் தாங்கா.

விளையாட்டு வீண்பொழுது என்று பெரியவர்கள் சிலர் கருதுவதை நான் அறிவேன். காசு வைத்து ஆடும் தீமையையும் சுட்டுவர். அது தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. எனினும், கைப்பேசித் திரையில் கரையும் பொழுதைவிடத் திடலில் கழியும் ஒரு மணி நேரம் எவ்வகையில் தாழ்ந்தது? நம் வீட்டுப் பெண்மக்கள் புளியங்கொட்டையும் சோழியும் இட்டு ஆடிய பல்லாங்குழிக்கு அரபு நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் உடன்பிறப்புகள் உண்டு. உலகம் வழங்கும் 'மன்கலா' என்னும் பெயர், நகர்த்துதலைக் குறிக்கும் 'நகல' என்னும் அரபு வினையடியாகப் பிறந்தது. ஏழும் ஏழுமாகப் பதினான்கு குழிகளில் கணக்கும் பொறுமையும் ஒருசேரப் பயின்ற அவர்களை வீண்பொழுது போக்கினர் என்று எவ்வாறு கூறுவது?

ஆதலின், நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியில் மேசையை எடுத்துவிடுவோம். ஆண்டு விளையாட்டு விழாவில் சிலம்பத்திற்கும் பம்பரத்திற்கும் ஒரு மாலை ஒதுக்குவோம். பரிசாக வழங்கும் நெகிழிக் கோப்பைகளின் செலவில் ஒரு பகுதியைக் கடைசல் பட்டறைக்குத் திருப்புவோம். ஆய்வுத் தலைப்புத் தேடி அலையும் தமிழ்த்துறை மாணவர், பட்டறைக்குச் சென்று உளிகளின் பெயர்களையும் மரத்தின் குணங்களைக் குறிக்கும் சொற்களையும் கேட்டு எழுதலாம். அச்சொற்களுள் அகராதி ஏறாதவை இருத்தல் கூடும். விழாவிற்கு ஒரு திங்கள் முன்னரே ஐம்பது பம்பரங்களுக்குச் சொல்லிவைத்தல் நலம். சாட்டைகளை மாணவர்களே முறுக்கிக்கொள்ளட்டும்.