சொந்த ஊர்க் காதுகள்

வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், நிலக்கரி மலைகளுக்கு நடுவே டிக்கன்சன் மாவட்டம் இருக்கிறது. பாஞ்சோ கலைஞரும் பாடகருமான ரால்ஃப் ஸ்டான்லி அந்த மண்ணில் பிறந்தவர். அமெரிக்க புளூகிராஸ் இசையின் முதல் தலைமுறையில் ஒருவர். நீதிமன்ற எழுத்தர் பதவிக்கும் வருவாய் ஆணையர் பதவிக்கும் உள்ளூரில் அவர் தேர்தலில் நின்று பார்த்தார். ஊர் மக்கள் அவரைத் தோற்கடித்துவிட்டார்கள். அதே ஊர்தான், ஆண்டுதோறும் மே மாதக் கடைசி வாரத்து இசைவிழாவில், அவருடைய குடும்பத்துப் பூர்விக நிலமான ஸ்மித் ரிட்ஜ் மலைமேட்டில் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டு அவர் பாடியதைக் கேட்டது. 1971இல் தொடங்கிய அந்த விழாவை அவர் இறக்கும்வரை நடத்தினார்.

சொந்த ஊரில் ஒரு கலைஞருக்கு இருக்கும் செல்வாக்கைப் பாசத்தின் கணக்கில் எழுதிவிடுவது நகரத்து விமர்சகர்களின் வழக்கம். ‘நம்ம ஊர்ப் பிள்ளை’ என்று எதைப் பாடினாலும் கைதட்டுகிறார்கள் என்பார்கள். பாசம் மட்டுமே காரணம் என்றால் ஓட்டும் விழுந்திருக்க வேண்டுமே? டிக்கன்சன் மக்கள் மனிதரையும் பாட்டையும் தனித்தனியே எடைபோட்டார்கள். பாட்டை எடைபோட அவர்களுக்கு முழுத் தகுதி இருந்தது. அவர் பாடியவற்றில் பலவற்றை அவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ச் சபையைவிடக் கண்டிப்பான சபை ஓர் இசைக்கலைஞருக்குக் கிடைக்காது என்பதே என் துணிபு.

அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய தேவாலயத்துக்குள் போக வேண்டும். ஸ்டான்லி 1927இல் பிறந்தவர். மரம் அறுக்கும் தொழிலில் இருந்த அவருடைய அப்பா லீ எந்தக் கருவியும் வாசித்ததில்லை, ஆனால் பாடுவார். குடும்பம் பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையில் பியானோ, ஆர்கன், கிட்டார் எதற்கும் இடமில்லை. போதகருக்குச் சம்பளமும் கிடையாது. பாட்டுப் புத்தகத்தில் சொற்கள் மட்டுமே இருக்கும், இசைக்குறி இருக்காது. ஒருவர் எழுந்து ஒரு வரியை வேகமாகச் சொல்லிக் கொடுப்பார். கூடியிருப்பவர்கள் அதை வாங்கி, மெதுவாக இழுத்து, வளைத்துப் பாடுவார்கள். எல்லோரும் பாடுவது ஒரே மெட்டுதான். ஆனால் எந்தச் சுரத்தில் தேங்குவது, எங்கே குரலை நெளிய விடுவது என்பதை ஒவ்வொருவரும் தம் போக்கில் முடிவு செய்வார்கள். தாளக்கட்டும் கிடையாது. ஒரு பெரிய அலை எழுந்து அடங்குவதுபோல் வரி நகரும்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் புத்தகம் வாங்க வழியில்லாதவர்களுக்காகவும் படிக்கத் தெரியாதவர்களுக்காகவும் வந்த ஏற்பாடு இது. அங்கே பெரும்பாலும் மறைந்துபோனது. அப்பலாச்சிய மலைகளிலும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய தேவாலயங்களிலும் பிழைத்துக்கொண்டது. இப்படிப் பாடி வளர்ந்த ஒருவரின் காதை மேடையில் யாரும் ஏமாற்ற முடியாது. குரலில் போலிச் சோகம் ஏறினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

பாஞ்சோ வந்தது அம்மா வழியில். அத்தை ஒருவரிடம் ஒரு பெண் பன்றியும் ஒரு பாஞ்சோவும் விலைக்கு இருந்தன, ஒவ்வொன்றும் 5 டாலர். எது வேண்டும் என்று அம்மா லூசி கேட்டபோது பையன் பாஞ்சோவைத் தேர்ந்துகொண்டதாகப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கால்நடை மருத்துவராக வேண்டும் என்ற ஆசையும் அப்போது அவருக்கு இருந்தது. நகத்தால் கம்பியைக் கீழ்நோக்கித் தட்டும் பழைய ‘கிளாஹாமர்’ பாணியை அம்மாவே கற்றுக் கொடுத்தார். அந்தப் பாணியின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது; அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையோடு வந்த கருவி மலைவாழ் வெள்ளையர் வீடுகளின் கருவியானது. இந்தக் கடனைச் சொல்லாமல் புளூகிராஸைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

1946இல் ரால்ஃபும் அண்ணன் கார்ட்டரும் ‘கிளிஞ்ச் மவுண்டன் பாய்ஸ்’ குழுவைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் முடிவில் பிரிஸ்டல் நகரத்து டபிள்யூசிஒய்பி வானொலியில் ‘ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்’ நிகழ்ச்சி அவர்களுக்குக் கிடைத்தது. நண்பகல் நேரம், வயலிலிருந்து வந்தவர்கள் சாப்பிட உட்காரும் வேளை. இன்ன பாட்டு வேண்டும் என்று நேயர்களின் கடிதங்கள் வரும். இன்ன பள்ளிக்கூடத்தில் இன்று இரவு கச்சேரி என்று குழுவினர் வானொலியிலேயே சொல்லிவிட்டு, மலைப்பாதையில் காரை ஓட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வார்கள். பகலில் கேட்ட குரலை இரவில் முகத்தோடு பார்த்தார்கள் மக்கள்.

புளூகிராஸ் கச்சேரியில் காஸ்பல் எனப்படும் கிறிஸ்தவப் பக்திப் பாடல்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. வேக வாசிப்பு நிற்கும். நான்கு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நெருங்கி நிற்பார்கள். சில குழுக்களில் தொப்பியைக் கழற்றும் வழக்கமும் இருக்கிறது. வெளியூர் ரசிகருக்கு இது கச்சேரியின் ஓர் அங்கம். உள்ளூர்க்காரருக்கு அப்படியல்ல. அதே பாட்டைத் தன் தாயின் அடக்கத்தின்போது கேட்டிருப்பார்; ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பிவந்து தேவாலயத்துப் புல்வெளியில் கூடிச் சாப்பிடும் ‘ஹோம்கமிங்’ ஞாயிறன்று பாடியிருப்பார்; கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் நாளில் முணுமுணுத்திருப்பார். இந்த மலைகளில் ஊர்ப் பாடகரைத் தேடிப்போய் அழைக்கும் சந்தர்ப்பங்கள் இவை. துக்கம் நடந்த வீட்டில் நின்று பாடிக் காட்டியவரைத்தான் மறுநாள் மேடையிலும் நம்புகிறார்கள்.

கார்ட்டர் 1966இல் இறந்தார், வயது 41. முன்னின்று பாடியவரும் மேடையில் பேசியவரும் அண்ணன்தான். கூச்ச சுபாவமுள்ள தம்பி அதன் பிறகு ஒரு துணிச்சலான காரியம் செய்தார். கருவிகளை முழுவதுமாகக் கீழே வைத்துவிட்டு, வெறும் குரல்களாலான காஸ்பல் பாடல்களை புளூகிராஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். 1971இல் வந்த ‘க்ரை ஃப்ரம் தி கிராஸ்’ இசைத்தட்டில் அதைக் கேட்கலாம். குழுவில் அப்போது கிழக்குக் கென்டக்கியிலிருந்து வந்த கீத் விட்லி, ரிக்கி ஸ்காக்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். இருவரும் பின்னாளில் நாடறிந்த பாடகர்கள் ஆனார்கள். கருவி வாசிப்பின் வேகத்துக்காகவே பெயர்பெற்ற ஓர் இசைவகையில் பாஞ்சோ மேதை ஒருவர் பாஞ்சோவை ஒதுக்கியதை வெளியூரார் புதுமை என்றார்கள். ஊரில் யாரும் அதற்கு விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள்.

உலகம் இதைக் கேட்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ திரைப்படத்துக்கு இசைப் பொறுப்பேற்ற டி-போன் பர்னெட், ‘ஓ டெத்’ பாடலை டாக் பாக்ஸ் என்ற பழைய கலைஞரின் பாணியில் பாஞ்சோவோடு பாடச் சொன்னார். தன் சபையின் வழியில், கருவியில்லாமல் பாட விடுங்கள் என்றார் ஸ்டான்லி. சில வரிகள் பாடியதும் பர்னெட் ஒப்புக்கொண்டார். 2002இல் சிறந்த கன்ட்ரி ஆண் பாடகருக்கான கிராமி விருது வந்தபோது ஸ்டான்லிக்கு 75 வயது நிறைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் திரைப்படத்தின் இசைத்தொகுப்பு பல லட்சம் பிரதிகள் விற்றது. திரைப்பட இசைப் பொறுப்பாளரின் விருப்பத்துக்கு அவர் வளைந்து கொடுக்காததற்குக் காரணம், அவர் காதுக்குள் தம் சபையின் மெக்ளூர் தேவாலயம் உட்கார்ந்திருந்தது என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் ஊர் மட்டுமே ஒரு கலைஞருக்குச் சோறு போட்டுவிடாது. ஸ்டான்லி சகோதரர்களே 1958இல் பிழைப்புத் தேடி ஃபுளோரிடாவுக்குப் போனவர்கள். பிற்காலத்தில் ரால்ஃபை வாழவைத்தவை வெளியூர் விழாக்கள். சுரங்க வேலை குறையக் குறைய டிக்கன்சனும் சுருங்கியது. 2020 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 14,000 பேர்தான். கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோன ஊரில் பாடத் தெரிந்தவர் எப்படி உருவாவார்?

டிக்கன்சன் மாவட்டத்துக் கிளின்ட்வுட்டில் 2004இல் ஸ்டான்லி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தென்மேற்கு வர்ஜீனியாவின் இசைத் தலங்களை இணைக்கும் ‘க்ரூக்கட் ரோட்’ சுற்றுலாப் பாதையும் இருக்கிறது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் வருகையாளர் தொகையை வைத்து மட்டும் இவற்றை மதிப்பிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. அதே வட்டாரத்து ஹில்டன்ஸ் ஊரில், கார்ட்டர் என்ற வேறொரு இசைக்குடும்பத்தைச் சேர்ந்த ஜேனட் கார்ட்டர் 1974இல் தொடங்கிய ‘கார்ட்டர் ஃபோல்ட்’ அரங்கைப் பாருங்கள். தந்தை ஏ. பி. கார்ட்டருக்குக் கொடுத்த வாக்குக்காகத் தொடங்கியது. சனிக்கிழமைக் கச்சேரி, மது கிடையாது, உள்ளூர்க் கிழவர்களும் குழந்தைகளும் மேடைக்கு முன்னால் ஆடுவார்கள். பாடகர் ஜானி கேஷ் தம் கடைசிக் கச்சேரியை 2003இல் பாடியது அங்கேதான்.

இதைவிடவும் என்னைக் கவர்வது வட கரோலினாவின் ஸ்பார்ட்டாவில் பள்ளி ஆலோசகர் ஹெலன் ஒயிட் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ்’ திட்டம். பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்கு ஃபிடிலும் பாஞ்சோவும் கிட்டாரும், தங்கள் ஊர் மெட்டுகளிலேயே கற்றுத் தரப்படுகின்றன. பக்கத்து மாநிலங்களுக்கும் இது பரவியிருக்கிறது. கற்றவர்கள் எல்லோரும் கலைஞர்களாகப் போவதில்லை. பெரும்பாலோர் கடைக்கோ மருத்துவமனைக்கோ வேலைக்குப் போவார்கள். அடுத்த ஸ்டான்லி தவறாகப் பாடினால் கண்டுபிடித்துச் சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தான். பாரம்பரிய இசைக்கென்று ஒதுக்கும் பணத்தின் முதல் பங்கு அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்குப் போகட்டும்.

- கட்டுரையாளர், நாட்டார் இசை ஆய்வாளர்