கடவுச்சொல்லுக்கும் ஒரு ‘போர்ட்’ வேண்டும்

2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் பயனர்களிடம் ஒரு கால அட்டவணையை நீட்டியது. ஜூன் முதல் ‘ஆதென்டிகேட்டர்’ செயலியில் புதிய கடவுச்சொல் எதையும் சேமிக்க முடியாது. ஜூலை முதல் அது எந்த இணையதளத்திலும் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பித் தராது. ஆகஸ்டு வந்தால், ஏற்கெனவே சேமித்தவற்றை அந்தச் செயலியில் பார்க்கக்கூட முடியாது. 2020 டிசம்பரில் முன்னோட்டமாக வந்து, ஐந்தாண்டுகூட நிறையாத வசதி அது. நம்பிச் சேமித்தவர்கள் என்ன செய்வது? நிறுவனம் காட்டிய முதல் வழி, தன்னுடைய எட்ஜ் உலாவியை நிறுவிக்கொள்வது; எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். அது வேண்டாம் என்றால், கடவுச்சொற்களை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியது.

சேவைகள் வரும், போகும். ஆனால், கடையை மூடுகிறவர் வாடிக்கையாளரின் சாவிக்கொத்தைத் தன்னுடைய இன்னொரு கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, “அங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்றால் அதற்கு வேறு பெயர் உண்டு. கைபேசியில் எட்ஜ் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். உலகின் உலாவிச் சந்தையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குரோமிடம் இருக்கிறது. எட்ஜின் பங்கு ஒற்றை இலக்கச் சதவீதத்தைத் தாண்டவில்லை. வாடிக்கையாளர் விரும்பி வராத உலாவிக்கு அவரது கடவுச்சொற்களை முன்னே அனுப்பிவைத்திருக்கிறார்கள். ஆள் பின்னாலேயே வந்துதானே ஆக வேண்டும்!

மைக்ரோசாஃப்டை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியை நடத்தும் மொசில்லா, ‘லாக்வைஸ்’ என்ற கடவுச்சொல் செயலியை 2021 டிசம்பரில் மூடியது. டிராப்பாக்ஸ் தன் ‘பாஸ்வேர்ட்ஸ்’ சேவைக்கு 2025 அக்டோபர் 28-ஐக் கெடுவாக வைத்து, அதன் பின் தரவு அழிக்கப்படும் என்று அறிவித்தது. கூகுள் எதையும் மூடவில்லை. 2024 ஜூலையில் தடுக்கி மட்டும் விழுந்தது. விண்டோஸ் கணினிகளில் குரோமின் 127-ஆம் பதிப்பைப் பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்குச் சுமார் 18 மணி நேரம் சேமித்த கடவுச்சொற்கள் கண்ணிலேயே படவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சிறு சதவீதம்தான் என்றது நிறுவனம். குரோமின் சிறு சதவீதம் என்பது லட்சங்களிலும் கோடியிலும் எண்ணக்கூடிய கூட்டம்.

இந்த விவகாரத்தை எடைபோட இந்தியர்களிடம் நல்ல அளவுகோல் ஒன்று கைவசம் இருக்கிறது: கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி, ‘போர்ட்’. அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2006-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதைப் பரிந்துரைத்துவிட்டது. பின்பு கெடு மேல் கெடுவாகத் தள்ளிப்போய், 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி, திரும்பி வரும் எட்டு எழுத்துக் குறியீடு, 19 ரூபாய் கட்டணம். தொலைத்தொடர்பு வட்டம் விட்டு வட்டம் மாறினாலும் எண் கூடவே வரும் என்ற நிலை 2015 ஜூலையில் வந்தது. 2019 டிசம்பர் விதிகளின்படி ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலைநாளில் வேலை முடிய வேண்டும். கட்டணத்தை 6 ரூபாய் 46 காசாகக் குறைத்தார்கள். இதுவரை வந்த போர்ட் கோரிக்கைகள் 2024-லேயே 100 கோடியைத் தாண்டிவிட்டன.

அந்த எண்ணிக்கையை இன்னொரு முறை படிக்கலாம். 100 கோடி முறை இந்த நாட்டு வாடிக்கையாளர் தன் நிறுவனத்திடம் “போய் வருகிறேன்” என்று சொல்லியிருக்கிறார். எண்ணை இழக்க வேண்டியிருந்தால் இதில் பாதிப் பேராவது பல்லைக் கடித்துக்கொண்டு பழைய இடத்திலேயே கிடந்திருப்பார்கள். 2016-ல் ஜியோ நுழைந்தபோது போட்டி நிறுவனங்கள் விலையை இறக்கியதற்குப் பின்னால், வாடிக்கையாளர் எண்ணோடு கிளம்பிவிடுவார் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை உண்டாக்கியது சந்தையின் பெருந்தன்மை அன்று; ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு.

கடவுச்சொல் விஷயத்தில் அப்படி ஓர் உத்தரவு உலகில் எங்கும் உருப்படியாக இல்லை. ஒருவரிடம் அலுவலகத்தில் விண்டோஸ் மடிக்கணினி, கையில் ஆண்ட்ராய்டு பேசி, வீட்டில் மகளின் ஐபேட் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆப்பிளின் கடவுச்சொல் பெட்டகம் 2013 முதல் ஐகிளவுடில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அது தனிச் செயலியாகவும் வந்தது. விண்டோஸில் குரோமுக்கும் எட்ஜுக்கும் ஒரு நீட்சியைப் போட்டு அதைத் திறந்துவிடலாம். ஆண்ட்ராய்டுக்கு ஆப்பிள் அப்படி எதையும் தரவில்லை. குரோமையும் எட்ஜையும் ஐபோனில் தானாக நிரப்பும் வேலைக்கு அமர்த்தலாம். அமைப்புகளுக்குள் புகுந்து அதைச் செய்யத் தெரிய வேண்டும். விளைவு என்ன? வங்கியின் கடவுச்சொல் குரோமில், பள்ளிக் கட்டணத் தளத்தினுடையது சஃபாரியில், மின்வாரியத்தினுடையது போன வருடம் மாற்றியது எட்ஜில், மாற்றாத பழையது குரோமில். எது புதியது என்று எந்த உலாவியும் இன்னோர் உலாவியைக் கேட்பதில்லை.

மாற வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால் கிடைப்பது ஒரு சிஎஸ்வி கோப்பு. மறையாக்கம் கிடையாது, நோட்பேடில் திறந்தால் பெயர், முகவரி, கடவுச்சொல் எல்லாம் வரிசையாகத் தெரியும். குரோமின் கோப்பில் தலைப்புகள் ஒரு மாதிரி, ஃபயர்பாக்ஸில் வேறு மாதிரி, ஆப்பிளில் இன்னொரு மாதிரி. ஆப்பிளின் கோப்பில் ஓடிபி உருவாக்கும் ரகசியத்துக்கு ஒரு பத்தி உண்டு. குரோமின் கோப்பில் இல்லை. கடவுச்சொல்லுக்கு மாற்றாக வந்திருக்கும் பாஸ்கீ இந்தக் கோப்பில் ஏறவே ஏறாது. மாற்றம் முடிந்த பிறகும் அந்தக் கோப்பு ‘டவுன்லோட்ஸ்’ அடைவில் கிடக்கும். அங்கிருந்து அது தானாகவே மேகச் சேமிப்பில் நகலாகிவிட்டால், குடும்பத்தின் சாவிகள் அத்தனையும் பூட்டில்லாத இன்னோர் இடத்தில் இருக்கும். உலகின் ஆகப் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகத் தந்துகொண்டிருக்கும் ‘வெளியேறும் வழி’ இதுதான். இவ்வளவு மோசமான கதவை வைத்தால் யார் வெளியே போவார்கள்? போகக் கூடாது என்பதற்காகத்தானே வைத்திருக்கிறார்கள்!

பாதுகாப்பான கதவைக் கட்ட முடியாதா என்றால், முடியும். கூகுளும் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் உறுப்பினராக இருக்கும் ஃபைடோ கூட்டமைப்பு, ஒரு பெட்டகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடவுச்சொல்லையும் பாஸ்கீயையும் மறையாக்கத்தோடு நேரடியாக மாற்றும் முறைக்கு 2024 அக்டோபரில் வரைவை வெளியிட்டது. 2025-ல் வந்த ஐஓஎஸ் 26-ல் ஆப்பிள் அதற்கு இடம் கொடுத்தது. தொழில்நுட்பம் கடினமானது என்ற சாக்கு அத்தோடு செத்தது.

இங்கே பாதுகாப்பு ஆலோசகர்கள் கை தூக்குவார்கள். உலாவியில் கடவுச்சொல்லைச் சேமிப்பதே தவறு, அதை இடம் மாற்ற உரிமை வேறா என்பார்கள். அவர்களிடம் சான்றுகள் இல்லாமல் இல்லை. 2022-ல் சிஸ்கோவுக்குள் ஊடுருவியவர்கள் முதலில் கைப்பற்றியது ஓர் ஊழியரின் சொந்த கூகுள் கணக்கை. அலுவலகக் கடவுச்சொல் அதில் ‘சிங்க்’ ஆகியிருந்தது. 2023-ல் ஆக்டா நிறுவனத்தில் ஓர் ஊழியர் அலுவலக மடிக்கணினியின் குரோமில் சொந்தக் கணக்கோடு நுழைந்தார். ஒரு சேவைக் கணக்கின் கடவுச்சொல் அவரது சொந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்பட்டிருந்தது. அதன் வழியாக 134 வாடிக்கை நிறுவனங்களின் கோப்புகள் திறக்கப்பட்டன. தரவு திருடும் ‘லும்மா’ என்ற நச்சு நிரல், 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்டே கணக்கிட்டது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் இத்தகைய நிரல்களுக்கு முதல் தீனி. விண்டோஸில் நுழைந்த பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும் உலாவியின் பூட்டைத் திறந்துவிட முடிந்ததுதான் இதற்குக் காரணம். 2024-ல்தான் குரோம் அதை இறுக்கத் தொடங்கியது. திருடர்களும் சும்மா இருக்கவில்லை.

சரி, மாற்று என்ன? மனப்பாடமா? மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ஃப்ளோரென்சியோ, ஹெர்லி இருவரும் சுமார் ஐந்து லட்சம் பயனர்களை மூன்று மாதம் கவனித்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவருக்குச் சராசரியாக 25 கணக்குகள். ஆனால் கையில் இருந்த கடவுச்சொற்கள் 6.5 மட்டுமே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு தளங்களில் பயன்பட்டது. அது ஐபோன் அப்போதுதான் பிறந்திருந்த ஆண்டு. யுபிஐ கிடையாது, உணவு வரவழைக்கும் செயலி கிடையாது, டிஜிலாக்கர் கிடையாது. அன்றைக்கே மனிதரின் ஞாபகசக்தி ஆறரையில் நின்றுவிட்டது. இன்று நூறு கணக்கு வைத்திருப்பவரிடம் “சேமிக்காதே” என்று சொல்வது, ஒரே கடவுச்சொல்லை நூறு இடத்தில் போடு என்று சொல்வதற்குச் சமம். பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் பொதுமக்களிடம் உலாவியிலேயே சேமிக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2025-ல் வெளியிட்ட வழிகாட்டி, கடவுச்சொல் மேலாளரையும் தானாக நிரப்புவதையும் இணையதளங்கள் அனுமதித்தே தீர வேண்டும் என்கிறது. ஆலோசகர்கள் சிபாரிசு செய்த தனிப் பெட்டகங்களில் ஒன்றான லாஸ்ட்பாஸிலிருந்து 2022-ல் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகலே களவுபோனது. இந்த வாதம் முடிந்துபோன வாதம்.

சிஸ்கோ, ஆக்டா கதைகள்கூடக் கடைசியில் இந்தப் பக்கத்துக்கே சாட்சி சொல்கின்றன. அலுவலகக் கடவுச்சொல் எது, சொந்தக் கடவுச்சொல் எது என்று பிரித்து நிறுத்தாமல், நுழைந்த கணக்குக்குள் எல்லாவற்றையும் அள்ளிப் போடும் வடிவமைப்பு யாருடையது? ஊழியருடையதா?

நம் ஊர் நிலைமை இன்னும் விசித்திரம். பல வங்கித் தளங்களில் கடவுச்சொல்லை ஒட்ட முடியாது. சுட்டியின் வலப்பொத்தான் வேலை செய்யாது. திரையில் ஒரு விசைப்பலகையைக் காட்டி, எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டச் சொல்வார்கள். தட்டுவது வலி என்பதால் வாடிக்கையாளர் சிறிய, எளிய கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுப்பார். ஒட்டுவதைத் தடுக்காதீர்கள் என்று அந்த பிரிட்டன் மையம் 2017-லேயே எழுதிவிட்டது. உலாவி நிறுவனங்களோ, தளங்கள் போடும் இந்தத் தடைகளில் சிலவற்றை 2013 முதலே கண்டுகொள்வதை விட்டுவிட்டன. நம் வங்கிகளின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளுக்குக் கடிதம் இன்னும் போய்ச்சேரவில்லை போலும்.

வங்கிகளை விடுங்கள், சட்டத்துக்கு வருவோம். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் கொடுத்த தரவுப் பாதுகாப்பு வரைவின் 26-ஆம் பிரிவு, ஒருவர் தன் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் உரிமையைத் தந்தது. 2019 மசோதாவில் அது 19-ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. 2022 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் திருத்தும் உரிமை இருக்கிறது, அழிக்கும் உரிமை இருக்கிறது, இறந்த பின் யார் கவனிப்பது என்று நியமிக்கும் உரிமைகூட இருக்கிறது. எடுத்துச்செல்லும் உரிமை மட்டும் வழியில் இறக்கிவிடப்பட்டது. கைபேசி எண்ணுக்கு உலகமே பார்க்கும்படி அந்த உரிமையைக் கொடுத்துக் காட்டிய அதே நாடு! ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் கூகுளையும் ஆப்பிளையும் தரவைத் தடையின்றி மாற்றித்தரச் சொல்கிறது. குரோமும் சஃபாரியும் அதன் பட்டியலில் இருக்கின்றன. எட்ஜை 2024 பிப்ரவரியில் அந்தப் பட்டியலுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஆதென்டிகேட்டர் பயனர்கள் எட்ஜை நோக்கி ஓட்டப்பட்டார்கள்.

இரண்டுக்கும் முடிச்சுப்போட ஆவணம் இருக்கிறதா என்று வழக்கறிஞர்கள் கேட்கலாம். விலக்கு கிடைத்த இடத்தில் நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஆவணம் எதற்கு? சந்தையே சரிசெய்துகொள்ளும் என்பவர்கள், 2006 முதல் 2011 வரை தொலைபேசி நிறுவனங்கள் எதைச் சரிசெய்தன என்று முதலில் சொல்லட்டும்.

தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் முழுமையாக அமலாக 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2027 மே. அதற்குள் ஒரு திருத்தம் வந்தாக வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் கணினியிலும் கைபேசியிலும் உள்ள எந்த உலாவியும், பயனர் கேட்ட மூன்று நாளுக்குள், மறையாக்கம் கலையாமல், கடவுச்சொற்களையும் பாஸ்கீகளையும் அவர் சொல்லும் வேறொரு பெட்டகத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு விதிப்பதுபோல ஒவ்வொரு கோரிக்கைக்கும் அபராதம் விதிக்கலாம். கட்டணம் வேண்டுமானால் 6 ரூபாய் 46 காசு வாங்கிக்கொள்ளட்டும். மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஸ்ரீகிருஷ்ணா வரைவின் 26-ஆம் பிரிவு அதன் அலமாரியிலேயே இருக்கிறது.