சுரண்டல் எதிர்ப்பு: பழைய ரூல்ஸ் பெட்டிகளை முன்வைத்து

கறள் பிடித்த பழைய இரும்புப் பெட்டி ஒன்றை மேசையில் வைக்கிறார்கள். கிரைண்டரில் கம்பிப் பிரஷைப் பூட்டிச் சுத்த விடுகிறார்கள். பெயின்ற் பறக்குது, கறள் பறக்குது, கீழே வெள்ளி மாதிரி இரும்பு தெரியுது. பிறகு பிறைமர், அதுக்கு மேல பளபளக்கிற சிவப்போ நீலமோ. கடைசியில் 'முன்பு, பின்பு' என்று இரண்டு படம். பார்க்க நல்லாத்தான் இருக்கும், அதை நான் மறுக்கேல்லை. சோதினைக் காலத்தில் படிக்காமல் இரவிரவாக இதையே பார்த்துக் கொண்டிருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்.

இப்ப இது வீடியோவோட நிக்கேல்லை. யாழ்ப்பாணத்திலும் பழைய ரூல்ஸ் பெட்டி தேடித் திரியிற இளம் ஆக்கள் வந்திட்டினம். கராஜ் பூட்டின வீடு, மெக்கானிக் செத்த வீடு எண்டு விசாரிச்சுப் போகினம். வாங்கிக் கொண்டுவந்து, தேய்ச்சு, பெயின்ற் அடிச்சு, 'வின்ரேஜ்' எண்டு பேர் வைச்சு ஒரு படம். சிலது விலைக்குப் போகுது, சிலது கோப்பிக் கடையில பூச்சாடி வைக்கிற தட்டாகுது.

சேகரிப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. உண்மையில் இன்னும் கனபேர் சேகரிக்க வேணும், இல்லாட்டி எல்லாம் பழைய இரும்புக்காரனின் தராசில்தான் முடியும். என்னுடைய சண்டை அந்தக் கம்பிப் பிரஷோடு.

எங்கட கராஜுகளில் கிடக்கிற பெட்டிகளைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று வெளிநாட்டுப் பெட்டி. மூடியைத் திறக்க, தட்டுகள் படிக்கட்டு மாதிரி இரண்டு பக்கமும் விரியும். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் றோட்டில் ஓடின காலத்துச் சாமான். சேகரிக்கிற ஆக்கள் தேடுவது இதைத்தான். மற்றது உள்ளூர்ப் பெட்டி. தார் பரலைப் பிரித்து, தட்டி நிமிர்த்தி, மடித்துச் செய்தது. கதவுப் பிணைச்சலே அதுக்குப் பிணைச்சல், வளைத்த கம்பியே பிடி. இதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்லை, ஏனென்றால் இதில் கொம்பனிப் பேர் இல்லை. பிறந்த ஊர் பேர்மிங்ஹாமாக இருந்தால்தான் ஒரு பெட்டிக்கு வயசு மரியாதை தருமாம்.

வீட்டில் பெரியாக்கள் இதை ஆயுதப் பெட்டி என்பார்கள். தச்சருக்கு உளியும் வாளும் ஆயுதம், கொல்லருக்குச் சம்மட்டி ஆயுதம். நல்ல பழைய சொல். ஆனால் சோதனைச் சாவடியில் 'பெட்டிக்குள்ள என்ன?' எண்டு கேட்கிறவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கோ. 'ரூல்ஸ்' எண்ட இங்கிலீசு வந்தது சும்மா நாகரிகத்துக்கு மட்டும்தானோ எண்டு நான் சில நேரம் யோசிக்கிறனான்.

சரி, தேய்த்தால் என்ன போய்விடும்? இரண்டு பெட்டியைச் சொல்கிறேன்.

முதலாவது, வலிகாமத்தில் ஒரு கராஜில் பார்த்தது. மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிய மூன்று இலக்கங்கள்: 25, 15, 12. வேறு ஒரு சொல்லும் இல்லை. கராஜ்கார ஐயாவிடம் கேட்டேன். 'பிளக், பொயின்ற், ரப்பெற்' என்றார். மொறிஸ் மைனர் ஆயிரத்தின் இஞ்சினுக்கு விட வேண்டிய இடைவெளிகள், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். பக்கத்திலேயே வேறு ஒரு கையெழுத்தில் சில கடன் கணக்குகள். அதுக்கும் கீழே, எழுத்துக் கூட்டிப் பழகின பிள்ளையின் எழுத்து மாதிரி, அதே மூன்று இலக்கங்கள் திரும்பவும். வேலை பழக வந்த பெடியன் மனப்பாடம் பண்ணியிருக்கிறான். மூன்று கை, ஒரு மூடி. மூடியின் வெளிப்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வருசா வருசம் ஒரே இடத்தில் வைத்து வைத்து, பெயின்ற்றுக்கு மேல் ஒரு மண்ணிறக் கறை ஊறிப் போய்க் கிடக்குது. கம்பிப் பிரஷுக்கு இவ்வளவும் ஒரு நிமிச வேலை.

இரண்டாவது பெட்டி, மேல்பாதியில் பச்சைப் பெயின்ற் அப்படியே இருக்க, கீழ்ப்பாதி முழுக்கக் கறள். கோடு போட்ட மாதிரிப் பிரிஞ்சு இருக்குது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் வெளிக்கிட்டபோது, காவ ஏலாமல் கிணத்தடியில் குழி தோண்டித் தாட்டுவிட்டுப் போன பெட்டி. நவம்பர், டிசம்பர் எங்களுக்கு மாரி. தண்ணி கீழே தேங்கி நிற்க, அது நின்ற உயரம் வரைக்கும் இரும்பைத் தின்றிருக்குது. 1996 ஏப்ரலுக்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது தோண்டி எடுத்தார்களாம். அந்தக் கறள் கோடு ஒரு மாரிகாலத்தின் நீர்மட்டம். அந்த வீட்டுக்குப் பெட்டி வாங்கப் போன ஒருத்தர் முதல் சொன்ன வசனம்: 'இதை முழுக்க பிளாஸ்ற் பண்ணி எடுத்தால் புதுசு மாதிரி வரும்.' புதுசு மாதிரித்தான் வரும். அதுதானே பிரச்சினை.

நாங்கள் ஆவணம், மரபுரிமை எண்டு நிறையக் கதைக்கிற சமூகம். அதுக்கு நியாயம் இருக்குது. 1981 இல் நூலகத்தை எரித்த பிறகு, அச்சில் வந்த ஒவ்வொரு தாளும் எங்களுக்குப் பெரிது. 2005 இல் தொடங்கின நூலகம் இணையத்தளம் இல்லாவிட்டால் என்னைப் போன்ற கலைப்பீட மாணவர்கள் ஒரு ஒப்படைகூட ஒழுங்காக எழுத ஏலாது. ஆனால் காப்பாற்றப்படுவது எது? எழுதினவனின் எழுத்து. மரபுரிமை நடை எண்டு கூட்டிக்கொண்டு போனால் காட்டுவது சங்கடப்படலை, ஆவுரோஞ்சிக்கல், சுமைதாங்கி, கோயில் தேர். தேரைக் காட்டுவினம், தேர் செய்தவரின் உளிப்பெட்டியைக் காட்டமாட்டினம்.

1990 இல் இருந்து பொருளாதாரத் தடை இருந்த காலத்தை எடுங்கோ. பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி, இரும்பு எல்லாத்துக்கும் தடை. மின்சாரம் இல்லை. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், ஸ்ராட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுத்தி றேடியோவில் செய்தி கேட்டார்கள். இந்தக் கதையை எங்களுக்குச் சொல்லாத வீடு இல்லை. 'எங்கட சனத்தின்ர மூளை' எண்டு பெருமையாகத்தான் முடியும். அந்த மூளைக்கு ஒரு பேர் சொல்லுங்கோ பார்ப்பம். எந்தக் கராஜ், எந்த மெக்கானிக், ஆர் முதல் செய்து பார்த்தது? தெரியாது. அந்த ஆக்கள் கட்டுரை எழுதேல்லை, மலர் வெளியிடேல்லை. கையால் வேலை செய்தவனின் பேர் எழுதப்படாமல் போனதுக்கு வறுமை மட்டும் காரணம் இல்லை, சாதியும்தான் காரணம். இதைச் சொல்ல எங்கட மரபுரிமைக் கூட்டங்களில் ஒரு தயக்கம் இருக்கிறது. அவர்கள் தங்கட பேரை எழுதினது பெட்டியில். ஆணியால் கீறியோ, பஞ்ச்சால் புள்ளி புள்ளியாகக் குத்தியோ. அந்தப் பேரைத்தான் நீங்கள் சாண்ட் பேப்பரால் அழிக்கிறீங்கள்.

இந்தச் சண்டை புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் 'புதுப்பிக்கிறோம்' எண்டு சுவரின் பழைய பூச்சைச் சுரண்டிக் கல்லை வெளியில் காட்டினார்கள். நடுவில் வந்த நூற்றாண்டுகளின் வேலையெல்லாம் அழுக்கு என்று கழிக்கப்பட்டது. வில்லியம் மொறிஸ் 1877 இல் அதை எதிர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கம் என்பது அதன் பேர். அவர் அதுக்கு வைத்த செல்லப்பேரைத் தமிழில் சொன்னால் 'சுரண்டல் எதிர்ப்பு'. மொறிஸ் பிறகு சோசலிசவாதியாகவும் ஆனார். சுவரைச் சுரண்டுவதற்கும் உழைப்பைச் சுரண்டுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற தமிழ் தெரிந்திருந்தால் மனுசன் சந்தோசப்பட்டிருப்பார்.

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்குது. அதே 1877 இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டியக் கைவினைஞர்களின் வேலையைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தை, மொறிஸின் அச்சகத்தில் முந்திப் பாவித்த அச்சியந்திரத்தில்தான் 1908 இல் அச்சிட்டு வெளியிட்டார். புவியியலாளராக ஊரூராய்ப் போன ஒரு தமிழன், கல்லைப் பார்க்கப் போய்க் கைவினைஞரைப் பார்த்தவர். நூறு வருசத்துக்கு மேல் போயிட்டுது. நாங்கள் கைவினைஞனின் பெட்டியை வாங்கிக் கொண்டு வந்து அவனைத் தேய்த்துக் களைகிறோம்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அது கொஞ்சம் பலமானதுதான். 'மெக்கானிக்கே தன்ர பெட்டிக்குப் பெயின்ற் அடிச்சவர்தானே, நாங்கள் அடிச்சால் மட்டும் குற்றமோ?' உண்மை. பல பெட்டிகளில் மூன்று நாலு நிறம் ஒன்றுக்கு மேல் ஒன்று இருக்கும். ஆனால் அவர் பழைய பெயின்ற்றுக்கு மேலதான் அடித்தார். வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சினதைப் பெட்டிக்கு அடித்தார். அடுத்த நாள் அதே பெட்டி வேலைக்குப் போனது. நீங்கள் இரும்பு தெரியும்வரை கழட்டி, தட்டில் வைக்கிறீங்கள். நீங்களும் மெக்கானிக் வேலை செய்து, அந்தப் பெட்டியை நாளாந்தம் பாவித்தால், என்ன நிறமும் அடியுங்கோ, நான் வாயே திறக்கமாட்டன்.

இன்னொன்று: 'கறளை விட்டால் பெட்டியே போயிடும்.' அதுவும் சரி, அதுவும் யாழ்ப்பாணத்து உப்புக் காத்துக்கு. ஆனால் கறளை நிப்பாட்டுறது வேற, பெயின்ற்றை உரிக்கிறது வேற. பெட்டியை நல்லாக் காய விடுங்கோ. உதிருற கறளை மெல்லிய பிரஷால் தட்டுங்கோ. வெறும் இரும்பு தெரியிற இடத்துக்கு மட்டும் மெசின் எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் போதும். கிண்டின கறளுக்கு ரனிக் அமிலம் பூசலாம். அது கறளோடு சேர்ந்து கறுப்பான, நிலையான ஒரு படையாக மாறும். அகழ்ந்தெடுத்த இரும்புகளைப் பேணுவதற்கும் இதைப் பாவிக்கிறார்கள். கடைசியில் மெழுகு. பென்சில் எழுத்து இருக்கிற பக்கம் ஒன்றும் போடாதீங்கோ, மண்ணெண்ணெய்த் துணியைக்கூடக் கிட்டக் கொண்டுபோகாதீங்கோ. சலவைச் சோடாத் தண்ணியில் அமிழ்த்தி, பற்றரி சார்ஜரால் கரண்ட் விட்டுக் கறள் எடுக்கிற முறை நல்லா வேலை செய்யும்தான், ஆனால் அது பெயின்ற்றையும் சேர்த்துக் கழட்டிவிடும். ஆயுதங்களுக்குச் சரி, பெட்டிக்கு வேண்டாம்.

அதோட, பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். இரும்புக்கு அடியில் அடித்த செம்மஞ்சள் பிறைமர் சிவப்பு ஈயமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதை மூஞ்சியை மூடாமல், வீட்டு முத்தத்தில், தம்பி தங்கச்சி பக்கத்தில் நிற்கக் கிரைண்டரால் பறக்க விடுறது மடத்தனம். வரலாறு, சாதி எண்டு நான் சொன்னது ஒன்றும் ஏறாட்டிலும் இதாவது ஏறட்டும்.

காசுக் கதையையும் சொல்ல வேணும். பெட்டி வீட்டை விட்டுப் போகும்போது கிலோக் கணக்கு, கடையில் 'வின்ரேஜ்' கணக்கு. ஒரு கதையும் இல்லாத பெட்டி எண்டால் இந்த வியாபாரத்தை விளங்கிக் கொள்ளலாம். ஆனால் விக்கிறவர் 'யாழ்ப்பாணத்துப் பழைய மெக்கானிக் ஒருவருடையது' எண்டு எழுதித்தான் விக்கிறார். கதைக்கு விலை இருக்குது, கதைக்காரனின் குடும்பத்துக்கு இரும்பு விலை. மெக்கானிக்கின் பேரைக் கேட்டு எழுதி வைக்கிறதுக்கு ஒரு சதமும் செலவில்லை. பேர், ஊர், என்ன வேலை, எந்தக் காலம். ஒரு கடதாசியில் எழுதி, உறையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கோ. வீட்டார் பேரைப் போட வேண்டாம் எண்டால் அதையும் மதியுங்கோ. ஏற்கெனவே தேய்த்துப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிற ஆக்களும் இதைச் செய்யலாம், வாங்கின வீட்டுக்கு இன்னொரு தரம் போனால் சரி.

ஒரு விசயத்தை எங்கட குழுவே செய்யலாம் எண்டு நினைக்கிறன். நவராத்திரி முடிவில் ஆயுத பூசைக்குக் கராஜ், பட்டறை எல்லாத்திலும் பெட்டிகள் வெளியில் வரும். மற்ற நாளில் இருட்டு மூலையில், ஜக்குக்கும் ரயருக்கும் பின்னால் கிடக்கிறதெல்லாம் அண்டைக்கு ஒரே வரிசையில், மூடி திறந்து, வெளிச்சத்தில் இருக்கும். ரெண்டு ரெண்டு பேராகப் போவம். முதலில் அனுமதி கேட்டு, அவல் தந்தால் சாப்பிட்டு, பிறகு படம் எடுப்பம். மூடியின் உள்பக்கம், அடிப்பக்கம், பிடி, கீறின பேர். சந்தனப் பொட்டு மறைக்குது எண்டு துடைக்க வேண்டாம், அதோடயே எடுங்கோ.