பிக்கப் வண்டிக்கு டயர் மாத்தணுமா? பட்டனைப் பார்க்கும் முன் நம்பரைப் பாருங்க!

சொந்தமாகத் தொழில் தொடங்கும் பலருக்கு முதல் பெரிய முதலீடு ஒரு பிக்கப் வண்டிதான். பொலிரோ பிக்கப், டாடா யோதா, ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் என எதை எடுத்தாலும், இஎம்ஐ முடிவதற்குள் வந்து நிற்கும் பெரிய செலவு டயர். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்றால் அந்த மாத பட்ஜெட்டே ஆட்டம் காணும்.

அதனால்தான் டயர் கடையில் பெரும்பாலானவர்கள் சொல்லும் வாசகம் இது: "எல்லா ரோட்டுக்கும் தாங்குற மாதிரி ஆல்ரவுண்டரா ஒண்ணு குடுங்க." கடையில் பட்டன் பெரிதாக, பார்க்கவே முரட்டுத்தனமாக இருக்கும் டயர் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். விலை பேசி முடித்ததும் வண்டி கிளம்பிவிடும்.

இந்த உரையாடலில் விடுபட்டுப் போகும் கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த டயர் எவ்வளவு எடை தாங்கும்? பிக்கப்பைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

ஒரே சைஸ், வேற வேற பலம்

215/75 ஆர்15 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

குடும்பத்தோடு போகும் பொலிரோ எஸ்யூவியிலும் இதே அளவு வருகிறது. லோடு அடிக்கும் சில பிக்கப்களிலும் இதே அளவுதான். அதனால் "சைஸ் சரியா இருக்கு, மாட்டிடலாம்" என்று தோன்றும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

அளவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும். அதன் பெயர் லோடு இண்டெக்ஸ். அது கிலோ கணக்கு இல்லை, ஒரு குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. 106 என்றால் 950 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். லோடு இண்டெக்ஸ் 100 உள்ள இரண்டு டயர்களைப் பின்னால் மாட்டினால், பின் ஆக்ஸில் தாங்குவது 1,600 கிலோ. அதே அளவில் 106 உள்ள டயர்களை மாட்டினால் 1,900 கிலோ. வித்தியாசம் 300 கிலோ. அதாவது ஆறு மூட்டை சிமெண்ட்! வெளியே இருந்து பார்த்தால் இரண்டு டயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

106/103 என இரண்டு எண்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். முதல் எண், பக்கத்துக்கு ஒரு டயர் மாட்டும் வண்டிக்கு. இரண்டாவது, பின்னால் ஜோடி டயர் போடும் வண்டிக்கு. நம்மூர் பிக்கப்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றுதான் என்பதால் முதல் எண்ணைப் பார்த்தால் போதும்.

பிஆர் கூடினா லோடும் கூட்டலாமா?

6பிஆர், 8பிஆர், 10பிஆர் என்று போட்டிருப்பது பிளை ரேட்டிங். பழைய நைலான் டயர் காலத்தில் உள்ளே எத்தனை அடுக்கு இருக்கிறது என்பதைச் சொன்ன எண். இன்றைய ரேடியல் டயரில் அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை. டயரின் பலத்தைச் சொல்லும் ஒரு அளவுகோலாக மட்டும் அந்த எண் தங்கிவிட்டது. 'எல்டி' என்ற எழுத்துகள் இருந்தால் அது லைட் டிரக் வகை, அதாவது சுமை வண்டிக்கென்றே செய்த டயர்.

வண்டியோடு வந்த டயரின் லோடு இண்டெக்ஸ், பிஆர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய டயர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைவாக இருக்கக் கூடாது. பழைய டயரை ஏற்கெனவே யாராவது மாற்றியிருந்தால், ஓனர் மேனுவலையும் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பாருங்கள். சரக்கு வாகனத்தின் பதிவு விவரங்களில் ஆக்ஸில் எடையும் டயர் அளவும் சேர்த்தே பதியப்படுகின்றன.

ஆனால் 10பிஆர் மாட்டிவிட்டதால் வண்டியின் கொள்ளளவு கூடிவிடாது. பட்டை, ஆக்ஸில், பிரேக் எல்லாம் பழையதுதானே! 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பலமான டயர் அந்த அபராதத்திலிருந்தும் காப்பாற்றாது, இறக்கத்தில் பிடிக்காத பிரேக்கிலிருந்தும் காப்பாற்றாது.

அப்போ ஆல்ரவுண்டர் எது?

எடை விஷயம் முடிந்த பிறகுதான் பட்டனுக்கு வர வேண்டும். பொதுவாக மூன்று வகை.

எச்/டி: தார் ரோட்டுக்கானது. பள்ளங்கள் நீளவாக்கில் ஓடும். சத்தம் குறைவு, டீசல் மிச்சம், ஈர ரோட்டில் நல்ல பிடி. சேற்றில் மட்டும் திணறும்.

எம்/டி: சேறு, காடு, பாறைக்கானது. பெரிய பட்டன்கள், நடுவே அகலமான இடைவெளி. தார் ரோட்டில் இரைச்சல் அதிகம், தேய்மானமும் அதிகம். நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கலாம்.

ஏ/டி: இரண்டுக்கும் நடுவில். ஆல்ரவுண்டர் என்று கடையில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எல்லா இடத்திலும் ஓரளவு நன்றாக இருக்கும், எதிலும் முதலிடம் வாங்காது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றி இறங்கும் ஒரு பிக்கப்பை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் மண் பாதை. பிறகு முழு லோடோடு மலை இறக்கம், வளைவுக்கு வளைவு பிரேக். மண்டியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மறுபடி ஏற்றம், பல நாட்களில் மழையோடு.

இந்த வண்டிக்கு ஆபத்தான இடம் எது? தோட்டத்துச் சேற்றில் சிக்கினால் நேரம்தான் போகும், நாலு பேர் தள்ளினால் வண்டி வெளியே வந்துவிடும். முழு லோடோடு நனைந்த தாரில் இறங்கும்போது டயர் வழுக்கினால் தள்ளிவிட ஆள் இல்லை. காலியாகப் போகும்போதும் கவனம் வேண்டும். பின்பக்கம் எடை இல்லாததால் ஈர ரோட்டில் பின் சக்கரம் எளிதில் சறுக்கும்.

எனவே தேர்வுக்கான விதி இதுதான்: மாதத்தில் ரெண்டு நாள் போற மண் ரோட்டுக்காக, மீதி 28 நாள் போற தார் ரோட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது. பெரும்பாலும் தார் ரோடு என்றால் எச்/டி போதும். தினமும் மண் ரோடும் கலந்து வருகிறது என்றால் பட்டன் அளவாக உள்ள ஏ/டி சரி. குவாரி, காடு என்றே பிழைப்பு இருப்பவர்கள் மட்டும் எம்/டி பக்கம் போகலாம்.

ஈர ரோட்டுப் பிடி, உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, இரைச்சல் ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்ச தரத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் கட்டாயமாக்கியது. லைட் டிரக் டயர்களும் அதில் அடக்கம். எனவே ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை

* தயாரித்த தேதி: பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி விலையில் தலையில் கட்டப் பார்த்தால் இது காட்டிக்கொடுத்துவிடும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

* ரெண்டு மட்டும் மாற்றினால்: புதியவை பின்னால் போகட்டும். பின் சக்கரம் பிடி இழந்தால் வண்டி சுழன்றுவிடும், ஸ்டியரிங்கால் மீட்பது கஷ்டம். ஒரே ஆக்ஸிலில் ரேடியலும் நைலானும் கலக்கவே கூடாது.

* பெரிய சைஸ் ஆசை: டயரின் விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். இழுவை குறையும், வளைவில் டயர் உரசவும் வாய்ப்புண்டு.

* விலை: கிலோமீட்டர் கணக்கில் யோசியுங்கள். 6,000 ரூபாய் டயர் 40,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 15 பைசா. 8,000 ரூபாய் டயர் 60,000 கி.மீ. ஓடினால் சுமார் 13 பைசா. இது உதாரணக் கணக்குதான், ஆனால் எது மலிவு என்பது பில்லில் தெரியாது என்பதை இது காட்டும்.

காத்து இல்லாட்டி எல்லாம் வீண்

லோடு இண்டெக்ஸ் சொல்லும் எடையை டயர் தாங்க வேண்டும் என்றால், அதற்குரிய அழுத்தத்தில் காற்று இருக்க வேண்டும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், உள்ளே சூடு ஏறும். அதோடு ஓவர்லோடும் ஏப்ரல், மே வெயிலும் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க வேறு காரணம் தேவையில்லை.

காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும், காலிக்கும் லோடுக்கும் வேறு வேறு அளவு இருக்கும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. அடையாளக் கட்டை பட்டனோடு சமமாகிவிட்டால், அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

யாருடைய முடிவு?

டயரைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் வண்டியின் உரிமையாளர். அதில் உட்கார்ந்து மலை இறங்குபவர் டிரைவர். ரெண்டு பேரும் ஒருவரே என்றால் கவனம் தானாக வரும். இல்லாதபோது "எஃப்சி வரட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்ற பேச்சுதான் வரும். புதிய சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் எஃப்சி. மாதம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் வண்டியின் டயர் அதுவரை காத்திருக்காது.

ரோடு விஷயத்தில் கொஞ்சம் முன்னே பின்னே சமரசம் செய்துகொள்ளலாம். எடை விஷயத்தில் சமரசமே கிடையாது. அடுத்த முறை டயர் கடைக்குப் போகும் முன், வண்டியின் பக்கத்தில் குனிந்து பழைய டயரின் எண்களை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே டிரைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: எந்த இடத்தில் வண்டி வழுக்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.