பொம்மை வீட்டின் விலை

குழந்தைக்கு ஒரு பொம்மை வீடு வாங்க முற்படும் நடுத்தர வருவாய்ப் பெற்றோர் கடையில் பெரும்பாலும் இரண்டு வகைகளையே காண்கின்றனர். ஒன்று மெல்லிய பிளாஸ்டிக் வீடு. அதன் கூரையைத் தாங்கும் கொக்கிகள் முதல் மாதத்தைத் தாண்டினால் வியப்பு. மற்றொன்று மரத்தாலோ மரத்தூள் பலகையாலோ ஆன மாடி வீடு. ஆய்வு உதவித்தொகையில் குடும்பம் நடத்தும் ஒருவர் அதன் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார். இதைப் பொதுவாகத் தரத்துக்கும் விலைக்கும் இடையிலான சிக்கலாகவே பேசுகிறோம். பொம்மை வீடு என்றால் கட்டி முடித்து, அறைகலன்கள் நிரப்பி, வண்ணம் பூசித் தரப்படுவது என்ற எண்ணமே அதன் விலையை முதலில் உயர்த்துகிறது என்பது கவனிக்கப்படுவதில்லை.

அந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பாவில் பொம்மை வீடு குழந்தைக்காகப் பிறந்ததன்று. பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58இல் செய்வித்தது அரண்மனைக் காட்சிப்பொருள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றுள்ள பெட்ரோனெல்லா ஊர்ட்மனின் வீடு 1686 முதல் 1710 வரையிலான காலத்தில் உருவானது. அதற்கான செலவில் அந்நகரின் கால்வாய்க் கரையில் உண்மையான வீடொன்றையே வாங்கியிருக்கலாம் என்பர். இந்தியர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று எட்வின் லட்யன்ஸ். புது தில்லியில் வைசிராய் மாளிகையை எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1921க்கும் 1924க்கும் இடையே, அவர் இங்கிலாந்தின் மேரி அரசிக்காகப் பொம்மை வீடொன்றையும் வடிவமைத்தார். குழாயில் நீர் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கி இயங்கும். இன்று வின்ட்சர் கோட்டையில் இருக்கும் அந்த வீட்டில் எந்தக் குழந்தையும் விளையாடுவதற்காக அது கட்டப்படவில்லை. இன்றைய கடைகளில் உள்ள விலையுயர்ந்த வீடுகள் இந்தக் காட்சிப் பேழைகளின் எளிய பேத்திகள். பார்ப்பவரை மயக்குவதே அவற்றின் முதல் வேலை. அந்தப் பார்ப்பவர் பெரும்பாலும் பணம் கொடுப்பவர்.

விலையை உயர்த்தும் இரண்டாவது காரணம் வெறும் கணக்கு. லட்யன்ஸின் வீடும் சேகரிப்பாளர்களின் வீடுகளும் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அமைந்தவை. ஓர் அடி ஓர் அங்குலமாகும். பார்பி பொம்மையோ ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு; உயரம் பதினொன்றரை அங்குலம். அளவு இருமடங்கானால் சுவருக்கும் தரைக்கும் வேண்டிய பலகை நான்கு மடங்காகும். வீடு அடைக்கும் இடம் எட்டு மடங்காகும். பலகை, பெட்டி, போக்குவரத்து, கடைக்காரரின் தட்டு என எல்லாம் விலையில் ஏறும். பெற்றோர் முதலில் பொம்மையை வாங்கிவிட்டுப் பிறகு அதற்கு வீடு தேடுகிறார்கள். வீட்டின் விலையில் பெரும்பகுதி அந்த முதல் வாங்கலிலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு செய்தியை இங்குச் சேர்க்கலாம்: 1962இல் வெளிவந்த பார்பியின் முதல் கனவு இல்லம் அட்டையால் ஆனது. ஒரே அறை, மடித்துக் கையில் தூக்கிச் செல்லலாம், அறைகலன்களும் அட்டைதான்.

உள்நாட்டுக் கைவினை ஏன் இந்த இடத்தை நிரப்பவில்லை என்ற கேள்வி எழும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் தரமுத்திரை கட்டாயமானது. பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு அதிலிருந்து விலக்கும் கிடைத்தது. ஆயினும் வரியால் ஒரு கைத்தொழிலின் கருவியை மாற்ற இயலாது. சென்னபட்டணம், ஏட்டிகொப்பாக்கா, வாராணசி ஆகிய ஊர்களின் அரக்குப்பூச்சுப் பொம்மைகள் கடைசல் பட்டறையில் பிறப்பவை. கடைசல் உருண்டையானவற்றைத் தரும்: குடம், பானை, பம்பரம், மணமகனும் மணமகளும். வீடு என்பது தட்டையான பலகையும் மூலைப் பொருத்தும். அதனால்தான் அங்கெல்லாம் சமையலறைக்குரிய சொப்புகள் அழகழகாகக் கிடைக்கின்றன, சமையலறை கிடைப்பதில்லை. இதைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. வீட்டை வேறு யாரோ கட்டுவார்கள் என்று அந்தத் தொழில் எதிர்பார்த்ததுபோல் தோன்றுகிறது.

கட்டியவர்கள் குழந்தைகளே. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் தீபாவளியை ஒட்டிச் சிறுமியர் ‘கரௌந்தா’ என்னும் சிறு மண்வீட்டை எழுப்புகின்றனர். முற்றத்திலோ மொட்டை மாடியிலோ செங்கல் துண்டுகளும் களிமண்ணும் கொண்டு சுவர் எழும். சுண்ணாம்பு பூசிக் கோலமிடுவர். சிறு மண்கலங்களில் பொரியும் இனிப்பும் நிரப்பி விளக்கேற்றுவர். மகாராட்டிரத்தின் ‘பாதுகலி’ விளையாட்டில் பித்தளைச் சொப்புகளைச் சுற்றி ஒரு கற்பனை வீடே விரியும். தமிழிலக்கியம் அறிந்தவர்க்குச் சிற்றிலை நினைவூட்ட வேண்டியதில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அதற்கொரு பருவமே உண்டு, சிறுவன் அதைச் சிதைக்க வருவதாக. கட்டுவது சிறுமியர் வேலை, மிதிப்பது சிறுவர் வேலை என்ற அந்தப் பங்கீடு கரௌந்தாவிலும் ஓரளவு தொடர்கிறது. மரபைப் புகழும்போது இதை மறைக்கக் கூடாது. கரௌந்தாவும் இப்போது அட்டையிலும் தெர்மாகோலிலும் ஆயத்தமாகவே சந்தைக்கு வருகிறது. விலை குறைவுதான். ஆனால் கட்டும் வேலை குழந்தையின் கையிலிருந்து போய்விட்டது. விளையாட்டில் பாதி அதுதான்.

கல்வியாளர்கள் இதில் விலகி நிற்க முடியாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பொம்மைவழிக் கற்பித்தல் பற்றிக் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் கொண்டு வடிவியலைக் கற்பித்ததை ஆசிரியப் பயிற்சி உலகம் மதிக்கிறது. அம்மதிப்பு முற்றிலும் தகுதியானது. அதே தீப்பெட்டி கட்டிலாகவும் அலமாரியாகவும் மாறும்போது மட்டும் அது ‘பெண்பிள்ளைகளின் விளையாட்டு’ என்று தாழ்ந்துவிடுகிறது. அளவு விகிதம், பரப்பு, சுமைதாங்கும் சுவர் ஆகிய அனைத்தும் அங்கும் உள்ளன. அதோடு யார் எந்த அறையில் உறங்குவார், அடுப்படியில் யார் நிற்பார், வெளியே செல்லும் கதவு யாருக்குத் திறக்கும் என்பதையும் குழந்தை அங்கே தீர்மானிக்கிறது. ஓர் அறையில் ஐவர் உறங்கும் வீட்டுக் குழந்தைக்கு அது சிறிய விஷயமன்று.

ஆகவே வாங்க வேண்டியது சிறிய பொம்மை. அரை அடிக்கும் சற்றுக் குறைவான உயரம் போதும். கைவினைக் கடைகளில் ஒரு சொப்புத் தொகுதி. வீட்டுக்கு மளிகைக் கடையின் அட்டைப்பெட்டிகள் இரண்டு, கோதுமைப் பசை, பழைய நாட்காட்டித் தாள், சேலைக் கரையின் துண்டு. சன்னலைக் கத்தியால் வெட்டுவது மட்டும் பெரியவர் வேலை. எங்கே வெட்டுவது என்பதைக் குழந்தை பென்சிலால் குறித்துத் தரட்டும். மழைக்காலத்தில் அட்டை நைந்துபோகும். அடுத்த பெட்டியில் குழந்தை அடுப்படியை வேறு பக்கம் வைக்கக்கூடும்.