அந்தரங்கப் பகுதியில் சிறு சிறு பருக்கள்... எல்லாமே பால்வினை நோயா?

‘தயவுசெய்து என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்’ என்று ஒரே மெயிலில் மூன்று முறை எழுதியிருந்தார் அந்த வாசகர். வயது 27. ஆவணியில் கல்யாணம். ஆணுறுப்பின் முனையைச் சுற்றி வெள்ளையாகக் குட்டிக் குட்டிப் பருக்கள் வரிசையாக இருப்பதை ஒருநாள் குளிக்கும்போது கவனித்திருக்கிறார். வலி இல்லை, அரிப்பு இல்லை. ஆனாலும் ராத்திரி முழுக்க கூகுளில் தேடி, விடிவதற்குள் தனக்கு எய்ட்ஸ் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் ‘தொடை இடுக்குல அரிப்பு’ என்று பொய் சொல்லி ஒரு க்ரீம் வாங்கித் தடவியதில், இப்போது அந்த இடம் சிவந்து எரிகிறது. ‘கல்யாணத்தை நிறுத்திவிடலாமா?’ - இதுதான் அவர் கேள்வி.

இதை யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, எங்கள் டெஸ்க்கில் எல்லோரும் அவரவர் ஸ்க்ரீனை உற்றுப் பார்த்தார்கள். எழுதுகிற எங்களுக்கே இவ்வளவு கூச்சம் என்றால், அவர் பொய் சொல்லி க்ரீம் வாங்கியதில் ஆச்சர்யமில்லை.

முதலில் அவருக்கு ஒரு நல்ல செய்தி. அவர் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் நோயே இல்லை. ‘பேர்லி பெனைல் பாப்யூல்ஸ்’ என்று தோல் மருத்துவத்தில் சொல்வார்கள். முத்துகளைக் கோத்ததுபோல ஒன்றிரண்டு வரிசையாக, ஒரே அளவில், ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருக்கும். இளவயது ஆண்கள் பலருக்கு இது உண்டு. யாரிடமிருந்தும் தொற்றியதல்ல, யாருக்கும் தொற்றாது. சுத்தமாக இல்லாததால் வருவதும் அல்ல. வயதாக ஆகத் தானாகவே மங்கும். சிகிச்சையும் தேவையில்லை. பெண்களுக்கும் பிறப்புறுப்பின் உள் உதடுகளின் உட்பக்கம் இதேபோல மென்மையான சிறு மேடுகள் இருக்கலாம். அதுவும் இயல்பானதே. மரு என்று நினைத்துப் பயந்துபோகிறவர்கள் அதிகம்.

இன்னொன்று, ஃபோர்டைஸ் புள்ளிகள். ரோமம் இல்லாத இடத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள்தான் இப்படி வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ வெளியே தெரிகின்றன. சந்தேகம் இருந்தால் கண்ணாடி முன் நின்று மேலுதட்டைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். பலருக்கு அங்கேயும் இதே புள்ளிகள் இருக்கும். உதட்டில் இருப்பதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, இடம் மாறினால்தான் தூக்கம் போகிறது.

ஷேவிங், வியர்வை, சிரங்கு

ரோமம் இருக்கும் இடத்தில் சிவப்பாக, நடுவில் சீழோடு பரு வந்தால், ரோமக்கால் அழற்சியாக இருக்கலாம். மழமழவென்று வழித்த இரண்டாம் மூன்றாம் நாள் வருவது பெரும்பாலும் இதுதான். வெட்டுப்பட்ட ரோமம் வளையாக வளைந்து தோலுக்குள்ளேயே முளைத்தாலும் இப்படிக் கட்டும். ஷேவிங்கை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து, இறுக்கமான ஜீன்ஸைத் தவிர்த்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ரோமத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றால் டிரிம்மர் நல்லது. அடுத்தவர் ரேஸர் வேண்டவே வேண்டாம். பிதுக்குவதும் கூடாது. கட்டி திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அரிப்பு ராத்திரியில் அதிகமாகி, விரலிடுக்கு, இடுப்பு, விதைப்பை என்று பல இடங்களில் சிறு முடிச்சுகள் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். ஹாஸ்டலில் ஒருவருக்கு வந்தால் அறை முழுக்க வரும். டாக்டர் தரும் பெர்மெத்ரின் 5% க்ரீமைக் கழுத்திலிருந்து கால்வரை பூசி, இரவு முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒருவர் விட்டுவிட்டாலும் அவரிடமிருந்து மறுபடி எல்லோருக்கும் வந்துவிடும்.

எப்போது பயப்பட வேண்டும்?

வலித்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். சிஃபிலிஸ் விஷயத்தில் இந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது. நம் பாட்டி காலத்தில் கிரந்தி, மேகப்புண் என்றெல்லாம் சொன்னார்களே, அந்த வகை நோய்தான் இது. கிருமி தொற்றி 10 முதல் 90 நாள்களுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், ஒரு சிறு பரு வந்து புண்ணாகும். பெரும்பாலும் வலிக்காது. எந்த மருந்தும் போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாக ஆறிவிடும். ‘தேங்காய் எண்ணெய் தடவினேன், சரியாகிடுச்சு’ என்று நினைத்துக்கொள்வார்கள். கிருமியோ உடம்பிலேயேதான் இருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்புகள் வரும், அதுவும் மறையும். பல வருடங்கள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை இறந்தே பிறக்கக்கூடும். கர்ப்பகாலப் பரிசோதனையில் இதற்கும் ரத்தம் எடுப்பது அதனால்தான். இவ்வளவு பெரிய நோய்க்கு ஆரம்பத்திலேயே வந்தால் தேவைப்படுவது, டாக்டர் போடும் ஒரே ஒரு தவணை பென்சாத்தீன் பென்சிலின் ஊசி!

ஹெர்பிஸ் இதற்கு நேர் எதிர். கொத்துக் கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் வந்து, உடைந்து, நன்றாகவே வலிக்கும். முதல்முறை காய்ச்சலும் நெறிக்கட்டும் சேர்ந்து வரலாம். அசைக்ளோவிர் மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்தால் வேதனை குறையும். வைரஸ் நரம்பிலேயே தங்கிவிடுவதால் அவ்வப்போது திரும்பி வரலாம். ஏற்கெனவே வந்திருந்தால் பிரசவத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காலிஃப்ளவர்போல சொரசொரவென்று வளர்ந்தால் அது ஹெச்.பி.வி வைரஸால் வரும் மரு. கடைசித் தொடர்புக்குப் பிறகு பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூடக் கழித்து எட்டிப்பார்க்கும். அதனால் மரு வந்ததும் ‘யார்கிட்டேருந்து வாங்கிட்டு வந்தே?’ என்று கணவன் மனைவிக்குள் சண்டை ஆரம்பிப்பதில் அர்த்தமில்லை. பூசும் மருந்து, திரவ நைட்ரஜனால் உறையவைப்பது, மின்சாரத்தால் பொசுக்குவது எனச் சிகிச்சைகள் உண்டு. பத்தில் ஒன்பது மருக்களுக்குக் காரணமான 6, 11 வகை வைரஸ்களையும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 வகைகளையும் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டிலேயே தயாராகும் ‘செர்வாவாக்’ 2023-ல் அறிமுகமானது. ஏற்கெனவே வந்த மருவை இந்த ஊசி போக்காது. அதனால் 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்தது. நடுவில் குழியோடு முத்துபோல இருப்பது மொலஸ்கம். அதுவும் வைரஸ்தான். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானே போய்விடும், ஆனால் அதற்குள் துண்டு, ரேஸர் வழியாகக்கூடப் பரவலாம்.

இனி கைவைத்தியம். முகத்து மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால், சுண்ணாம்பு என்று ஊரில் வைப்பார்கள். தயவுசெய்து அதை இங்கே முயற்சி செய்யாதீர்கள். இந்தத் தோல் மிக மெல்லியது, வெந்துபோகும். பாதத்து ஆணிக்கு விற்கும் மருந்தும் வேண்டாம். ‘மூணும் கலந்தது’ என்று கடைகளில் தரும் ஸ்டீராய்டு க்ரீம் இன்னும் மோசம். இரண்டு நாள் அரிப்பை அமுக்கிவிட்டு, தொற்றை உள்ளுக்குள் வளர்த்துவிடும். தோலும் மெலிந்து கோடு விழும். 2018-லேயே பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. கவுன்ட்டரில் கேட்டால் கிடைக்கிறது என்பது வேறு கதை.

மூன்று வாரமாகியும் ஆறாத புண், கெட்டியாகி வளரும் கட்டி, ரத்தக்கசிவு - இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த இடத்தின் தோலிலும் புற்றுநோய் வரும்.

தனியார் மருத்துவரிடம் போகத் தயக்கமா? அரசு மருத்துவமனைகளில் ‘சுகவாழ்வு மையம்’ இருக்கிறது. பால்வினை நோய்களுக்கு அங்கே இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. ஹெச்.ஐ.வி பயம் இருந்தால் ‘நம்பிக்கை மையம்’. உங்கள் சம்மதம் இல்லாமல் அந்த டெஸ்ட் எடுக்கவோ, முடிவை வெளியில் சொல்லவோ கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

கல்யாண மாப்பிள்ளைக்குத் திரும்புவோம். மண்டபத்தை கேன்சல் செய்ய வேண்டாம் சார். முதலில் க்ரீமை நிறுத்திவிட்டு, ஒரு தோல் மருத்துவரிடம் நேரில் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒருவேளை தொற்று என்று அவர் சொன்னால், சிகிச்சை முடியும்வரை தாம்பத்யம் வேண்டாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத இடத்துத் தோலிலிருந்தும் மரு, ஹெர்பிஸ் எல்லாம் பரவும். போவதற்கு முந்தின நாள் ஷேவ் செய்யாதீர்கள். அந்த க்ரீம் டியூபையும் தூக்கி எறிந்துவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.