‘பேசி முடிச்சுக்கலாம்’ என்பது அவ்வளவு நல்ல யோசனையா? கார் விபத்துக்குப் பிறகு காகிதம் ஏன் முக்கியம்?

கந்தூரி நடக்கும் 14 நாட்களும் நாகூர் வீதிகளில் நின்று நம்பர் பிளேட் பார்த்தாலே போதும், பாதி தென்னிந்தியா அங்கே இருப்பது தெரிந்துவிடும். நாகப்பட்டினத்தின் டி.என்-51, காரைக்காலின் பி.ஒய்-02, கேரளா, ஆந்திரா எல்லாம் தர்காவைச் சுற்றி இடம் தேடிக்கொண்டிருக்கும். சந்தனக்கூடு ஊர்வலத்தன்று கேட்கவே வேண்டாம். இதற்கு நடுவில் ஒரு கார் இன்னொன்றை இடித்துவிட்டால் அடுத்த நிமிடமே ஒருவர் வந்து சொல்லிவிடுவார்: “விடுங்க பாய், ஆளுக்கு ஒண்ணும் ஆகல. அஞ்சாயிரம் வாங்கிட்டு கிளம்புங்க. ஸ்டேஷன், கோர்ட்னு எதுக்கு அலையணும்?”

சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். பம்பரில் கீறல் என்றால் அவர் சொல்வது சரியும்கூட. ஆனால் ஒருவருக்குக் காயம் பட்டிருந்தால் இந்த ‘பேசி முடிக்கிற’ பழக்கம் ஒரு குடும்பத்தின் பல லட்சம் ரூபாயைச் சாலையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறது. வலது கையில் சாதாரண வீக்கம் என்று நினைத்தது எலும்பு முறிவு என்று மறுநாள் எக்ஸ்ரேயில் தெரியவரும்போது, கையில் இருப்பது அந்த அஞ்சாயிரமும் எடுக்காத ஒரு போன் நம்பரும்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவுப்படி, காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பது, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது மூன்றும் ஓட்டுநரின் கடமை. இடித்தவர் போலீஸுக்குச் சொல்வதை உதவியாக நினைக்க வேண்டியதில்லை. சட்டமே அதைத்தான் கேட்கிறது.

முதல் 48 மணி நேரம்

காகிதத்துக்கு முன்னால் உயிர். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்குபவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். 2025 மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டத்தை அறிவித்தது: ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, 7 நாட்களுக்குக் கட்டணமில்லா சிகிச்சை. “பணம் கட்டுனாதான் அட்மிஷன்” என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிக் கேட்கலாம்.

நாகூரில் இதில் ஒரு பூகோளச் சிக்கல் உண்டு. ஊரைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் வாஞ்சூர், அதற்கு மேல் காரைக்கால். அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம். (வாஞ்சூரில் எதற்காக வண்டிகள் நிற்கின்றன என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு ஓட்டியது நிரூபணமானால் சொந்த காரின் சேதத்துக்கு நிறுவனம் பணம் தராது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.) எல்லைக்கு இந்தப் பக்கம் மோதினால் ஒரு காவல்துறை, அந்தப் பக்கம் மோதினால் இன்னொன்று. “இது எங்க லிமிட் இல்ல” என்ற பதில் வரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் காவல் நிலையத்தில் தகவலைப் பதிவு செய்யலாம் என்கிறது. இதுதான் ‘ஜீரோ எப்.ஐ.ஆர்.’. சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது கீறலுக்கு ஓகே. காயம் என்றால் எப்.ஐ.ஆர். எண் இல்லாமல் திரும்பக் கூடாது.

வேலை போலீஸுடையது, அலைச்சல் குடும்பத்துடையது

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள் பலருக்கும் தெரியாது. அவற்றின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமைகள் என்று விளக்கும் ‘படிவம் 2’-ஐ 10 நாட்களுக்குள் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு காப்பீட்டு நிறுவனம் 30 நாளில் எவ்வளவு தருவோம் என்று சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோஹர் முகமது வழக்கில் இதையெல்லாம் கறாராக நடைமுறைப்படுத்தச் சொன்னது.

அதாவது சட்டத்தின் கணக்கில், வீட்டில் துக்கம் விழுந்த குடும்பம் எங்கும் அலையத் தேவையில்லை. காகிதம் தானாக நகர வேண்டும். யதார்த்தம் அப்படியா இருக்கிறது? மருத்துவமனை வாசலிலேயே ‘கேஸ் பிடிக்கிறவர்கள்’ வந்துவிடுகிறார்கள். “கையெழுத்து மட்டும் போடுங்க, வர்ற தொகையில பர்சன்டேஜ் பேசிக்கலாம்” என்கிறார்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதை பார் கவுன்சில் விதிகளே தடைசெய்கின்றன. இருந்தும் அந்தப் பேரம் படிகிறது என்றால், அதற்குக் காரணம் குடும்பத்தின் அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ‘படிவம் 2’ அவர்கள் கைக்கு வரவே இல்லை என்பதுதான் முதல் காரணம்.

கால வரம்பு இன்னொரு கத்தி. திருத்தப்பட்ட சட்டப்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்த வரம்பையே எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை, இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறலாம். விபத்து நாகூரில் நடந்தாலும் மனுவை அங்கேதான் போட வேண்டும் என்று இல்லை. தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே, கோழிக்கோட்டுக்காரர் கோழிக்கோட்டிலேயே போடலாம்.

உங்கள் காரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் பொறுப்பு?

இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது கார் வாங்கும்போதே 3 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பெரும்பாலும் அதனுடன் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு ஒரு வருடம்தான் சேர்ந்து வருகிறது. இரண்டாவது வருடம் ரினியூவல் மெசேஜ் வந்தால், “அதான் மூணு வருஷம் கட்டிட்டோமே” என்று ஸ்வைப் செய்து தள்ளிவிடுகிறோம். அன்றிலிருந்து காரில் இருப்பது ‘ஆக்ட் பாலிசி’ மட்டும்தான். அது நீங்கள் இடித்த அடுத்தவருக்குப் பணம் தரும். உங்கள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் தராது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஈரோடு தீர்ப்பாயம் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 14.65 லட்சம் ரூபாய் வழங்கி 2019-ல் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் காரின் பாலிசி ‘ஆக்ட் பாலிசி’ என்பதால் உள்ளே இருந்தவருக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. நீதிபதிக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். செப்டம்பர் 1 முதல் விற்கும் எல்லாப் புது வண்டிகளுக்கும் 5 வருட ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு கட்டாயம் என்று அதே தீர்ப்பில் உத்தரவிட்டார். உடனே காப்பீட்டுத் துறையும் கார் உற்பத்தியாளர்களும் நடைமுறைக்கு ஒத்துவராது என்று கோர்ட்டுக்கு வந்தார்கள். செப்டம்பர் 13-ம் தேதி அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஓட்டை அடைபடாமல் அப்படியே இருக்கிறது. கார் விற்கும்போது ஷோரூமில் சீட் கவர் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள், இதைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவதில்லை.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு ஆபத்து ‘ஓன் போர்டு’ வாடகை. வேளாங்கண்ணி, நாகூர் என்று ஒரே நாளில் சுற்றிவர, வெள்ளை போர்டு வண்டியைத் தெரிந்தவரிடம் டீசல் போக இவ்வளவு என்று பேசி எடுப்பது இங்கே சகஜம். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு ஓட்டினால் அது நிபந்தனை மீறல். நிறுவனம் கிளெய்மை மறுக்க அதைவிட வசதியான காரணம் கிடையாது. சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியே “உள்ளே இருந்தவங்க யாரு, உங்களுக்கு என்ன உறவு?” என்றுதான் இருக்கும்.

“அந்தப் பேப்பர் இல்லையே சார்”

நியாயமான கிளெய்மையும் ஒரு ஜெராக்ஸைக் காரணம் காட்டி இழுக்கிறார்களா? அதற்குப் பதில் இருக்கிறது. லாரி திருடுபோன ஒருவரிடம் ஆர்.சி.யின் சான்றிட்ட நகல் கேட்டு அடம்பிடித்த நிறுவனத்தை, குர்மெல் சிங் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டு, 12 லட்சம் ரூபாயை வட்டியோடு கொடுக்கச் சொன்னது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2024 ஜூன் மாதச் சுற்றறிக்கையில், ஆவணம் இல்லை என்பதற்காக எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்த 7 நாளில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும்.

எனவே போனில் பேசுவதோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் இ-மெயிலில் வாங்குங்கள். மறுப்பு என்றால் எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி அசையவில்லை என்றால் சென்னையில் காப்பீட்டு குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கலாம். ஆனால் அங்கே பாலிசிதாரரின் புகார்தான் எடுபடும். வேறொரு கார் இடித்துக் காயம்பட்டவருக்கு வழி தீர்ப்பாயம்தான்.

அடுத்த கந்தூரிக்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. பார்க்கிங் போர்டு, மருத்துவ முகாம், தற்காலிக உதவி மையம் எல்லாம் எப்படியும் வைப்பார்கள். அந்த மையத்திலும், நாகூர் காவல் நிலையத்திலும், அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவு வாசலிலும் ‘படிவம் 2’-ஐ தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டலாம். மிஞ்சிப்போனால் சில ஆயிரம் ரூபாய் செலவு.